செக்யூரிட்டி பிளஸ் தேர்வு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கணினிப் பாதுகாப்புத் துறையில் நுழைய விரும்புகிறவர்கள் முதலில் எழுதும் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கு எந்தப் புத்தகம், எந்த வீடியோ, எந்தப் பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக வைஃபை பாஸ்வேர்டு, யுபிஐ மோசடி என்று நாலைந்து விஷயங்களைக் கலந்து பதில் சொல்வேன். இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு, கடை வேலைக்குப் போய்க்கொண்டே இந்தத் தேர்வை எழுதியவள் நான். அன்றைக்கு எனக்கு வழிகாட்ட ஆள் இல்லை. அதனால் இந்தக் கேள்வி வந்தால் சுருக்கமாகப் பதில் சொல்லி நகர எனக்கு மனம் வருவதில்லை.

அக்கா, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, ஒரு தனியார் அலுவலகத்தில் இரண்டு வருடமாக டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். நண்பன் ஒரு பென்டிரைவ் கொடுத்தான். அதில் 4 புத்தகங்கள், ஏகப்பட்ட வீடியோக்கள், 2 கேள்வித் தொகுப்புகள் இருக்கின்றன. தினமும் ராத்திரி திறந்து பார்க்கிறேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூடிவிடுகிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
- வாசகர், தண்டையார்பேட்டை

தம்பி, முதலில் அந்தப் பென்டிரைவை ஓரமாக வையுங்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வேறு ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். காம்ப்டியா நிறுவனம் இந்தத் தேர்வுக்கான பாடத்திட்டத்தை, அதாவது எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸை, பிடிஎஃப் கோப்பாகத் தன் இணையதளத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறது. அதை இறக்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் நல்லது, எந்த வீடியோ போதாது என்பதையெல்லாம் அளக்க உங்களிடம் இருக்கும் ஒரே படி அதுதான்.

அந்தத் தாளின் முதல் பக்கத்திலேயே தேர்வின் குறியீடு இருக்கும். இப்போது நான் வைத்திருக்கும் தாளில் எஸ்ஒய்0-701 என்று இருக்கிறது. இது 2023 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய 601 தேர்வு 2024 ஜூலை 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒரு முறை இப்படி மாற்றுவது அவர்கள் வழக்கம். ஆகவே நீங்கள் பணம் கட்டப்போகும் நாளில் எந்தக் குறியீடு நடப்பில் இருக்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு, அந்த எண் அட்டையில் இருக்கிற புத்தகத்தை மட்டும் எடுங்கள். உங்கள் பென்டிரைவில் உள்ள நாலில் எத்தனை தேறும் என்று இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அட்டையில் எண் இல்லாமல் வெறும் நோட்ஸாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். பாதுகாப்பு ஏற்பாடுகளின் வகைகளைச் சொல்லும் இடத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் கன்ட்ரோல் டைப்ஸ் என்பார்கள். 701-ல் ஆறு வகை: பிரிவென்டிவ், டிட்டெரன்ட், டிடெக்டிவ், கரெக்டிவ், காம்பன்சேட்டிங், டைரக்டிவ். இதில் கடைசியாகச் சொன்ன டைரக்டிவ் 601-ன் பட்டியலில் கிடையாது. அது இல்லாத நோட்ஸ் பழையது.

சரி, எண் பொருந்திவிட்டது. புத்தகம் நல்லதா என்பதை எப்படிப் பார்ப்பது? நான் செய்வது இது. உங்களுக்குப் புரியாத ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். மேலே சொன்ன காம்பன்சேட்டிங் கன்ட்ரோலையே எடுப்போம். "மாற்றாக வைக்கும் பாதுகாப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அந்தப் புத்தகம் உங்களுக்கு உதவாது. காசிமேட்டில் ஒருவர் மீன் வலைக் கடை வைத்திருக்கிறார் என்று வையுங்கள். ஷட்டர் பூட்டு, யாரும் உள்ளே வராமல் தடுக்கிறது. அது பிரிவென்டிவ். "கேமரா உள்ளது" என்ற பலகை, வருகிறவனை யோசிக்க வைக்கிறது. அது டிட்டெரன்ட். கேமரா நடந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. அது டிடெக்டிவ். ஒரு நாள் பூட்டு உடைந்துவிட்டது, பூட்டுக்காரர் நாளைக்குத்தான் வருவார். அன்று ராத்திரி மட்டும் ஒரு ஆளை வாசலில் படுக்கச் சொல்கிறார். அந்த ஆள்தான் காம்பன்சேட்டிங் கன்ட்ரோல். செய்ய வேண்டியதைச் செய்ய முடியாதபோது, அதே ஆபத்தை வேறு வழியில் தாங்கிப் பிடிப்பது. இந்தக் காரணத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி எந்தப் புத்தகம் சொல்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கடையிலோ நூலகத்திலோ நாலு புத்தகத்தில் இதே பக்கத்தைப் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம்தான் ஆகும்.

அடுத்தது பாடத்தின் பங்கு. தேர்வில் ஐந்து பிரிவுகள். பொதுக் கருத்துகளுக்கு 12 சதவீதம், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் 22, பாதுகாப்புக் கட்டமைப்பு 18, செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் என்கிற அன்றாட இயக்கம் 28, நிர்வாகமும் மேற்பார்வையும் 20. இங்கே கைமாறும் நோட்ஸ்களில் நான் பார்த்தவரை பாதிப் பக்கம் வைரஸ் வகைகளுக்கும், தகவலைப் பூட்டி மறைக்கும் என்கிரிப்ஷனுக்கும் போய்விடுகிறது. அவை படிக்கச் சுவையானவை, அதனால்தான். ஆனால் 28 சதவீதம் இருக்கிற ஆபரேஷன்ஸ் பகுதி, அதாவது லாக் எனும் கணினியின் பதிவேட்டைப் படிப்பது, கணக்குகளுக்கு அனுமதி கொடுப்பது, ஒரு சம்பவம் நடந்தால் எந்த வரிசையில் என்ன செய்வது என்பதெல்லாம் கடைசி 30 பக்கத்தில் சுருங்கிக் கிடக்கும். நிர்வாகப் பகுதியை "போரடிக்கும்" என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் அங்கே இருக்கிறது தம்பி. பொருளடக்கத்தைத் திறந்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள்.

வீடியோவில் படிப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், யூடியூபில் ப்ரொஃபஸர் மெஸ்ஸர் என்ற பெயரில் ஒரு முழு வரிசை இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவின் தலைப்பிலும் பாடத்திட்டத்தின் எண் இருக்கும். நீங்கள் பிரின்ட் எடுத்த தாளில் பார்த்து முடித்ததை டிக் போட்டுக்கொண்டே வரலாம். ஆங்கிலம் தெளிவாக இருக்கும், வீடியோக்களும் சின்னச் சின்னதுதான். மெட்ரோவில் புது வண்ணாரப்பேட்டையில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

ஆக, உங்களுக்குத் தேவை மூன்றே பொருள். பிரதானமாக ஒரு புத்தகம் அல்லது ஒரு வீடியோ வரிசை. வேறு ஒருவர் தயாரித்த மாதிரித் தேர்வுகள். கையால் செய்து பார்க்க ஒரு பழைய லேப்டாப். மாதிரித் தேர்வு வேறு ஒருவருடையதாக இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகம் எழுதியவரே கேள்வியும் போட்டால், அவர் வார்த்தைகள் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். வார்த்தையைப் பார்த்தே விடையைக் குறித்துவிட்டு, பாடம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

கையால் செய்வது பற்றி ஒரே ஒரு உதாரணம். இன்று ராத்திரியே செய்யலாம். நோட்பேடில் "அம்மாவுக்கு 500 ரூபாய் தர வேண்டும்" என்று எழுதி ஒரு கோப்பாகச் சேமியுங்கள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில் (certutil) என்றொரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஹாஷ்ஃபைல் (-hashfile) என்ற கட்டளையைக் கொடுத்து, அந்தக் கோப்பின் ஷா-256 ஹாஷ் மதிப்பைக் கேளுங்கள். 64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரி வரும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது 500-ஐ 5000 ஆக்கிச் சேமித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். ஒரே ஒரு பூஜ்யம்தான் சேர்த்தீர்கள், ஆனால் வரி முழுக்க வேறாகிவிட்டிருக்கும். மறுபடியும் 500 ஆக்கினால் பழைய வரியே திரும்ப வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஹாஷ் என்பது எதையும் ஒளித்து வைப்பதில்லை, மாறியதா இல்லையா என்று மட்டும் சொல்கிறது என்பது அதற்கப்புறம் உங்களுக்கு மறக்கவே மறக்காது. ஹாஷிங்கையும் என்கிரிப்ஷனையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண் விட்டவர்கள் நிறைய.

பென்டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். அதில் இருப்பவை காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் இல்லை என்று நினைக்கிறேன். இப்படிக் கைமாறும் கோப்புகளோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வருவதை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். கணினியைக் காப்பாற்றும் வேலைக்குப் படிக்கிறவர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பென்டிரைவை வீட்டு லேப்டாப்பில் செருகக் கூடாது. ஒரு நல்ல புத்தகத்தை வாங்கிவிடுங்கள். அகலக் கால் வைக்காமல் அந்த ஒன்றை முடியுங்கள்.

என் மகன் டிப்ளமோ படித்தவன். ஒரு பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். "உண்மையான தேர்வுக் கேள்விகளையே தருவோம், பாஸ் உறுதி" என்கிறார்கள். நான் டெய்லரிங் செய்து சேர்த்த பணம். கட்டலாமா?
- வாசகி, பெரம்பூர்

அம்மா, கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இதே இடத்தில் என் அம்மா நின்றிருக்கிறார்.

2019-ல் நான் ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஹார்டு டிஸ்க் மாற்றுவது, விண்டோஸ் போடுவது, இதுதான் வேலை. செக்யூரிட்டி பிளஸ் இருந்தால் நல்ல கம்பெனிக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே பாடம் நடந்தது ஆறு நாள். ஏழாவது நாள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டைக் கொடுத்து, "இதிலிருந்துதான் வரும், மனப்பாடம் பண்ணு" என்றார்கள். 400 கேள்விகள். கேள்வி எண்ணைச் சொன்னால் விடையைச் சொல்லும் அளவுக்குக் கரைத்துக் குடித்தேன். தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா இரண்டு வளையலை அடகு வைத்தார்.

தேர்வில் முதல் திரையிலேயே நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இல்லை. ஒரு சின்ன நெட்வொர்க் படம், பக்கத்தில் ஃபயர்வால் விதிகளுக்கான காலி அட்டவணை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட் வழியாக, அனுமதியா மறுப்பா என்று நான் நிரப்ப வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் பேஸ்டு கேள்வி என்று இதைச் சொல்வார்கள். அந்தக் கட்டில் இப்படி ஒன்று இருப்பதாகக்கூட யாரும் சொல்லவில்லை. கை வியர்த்து மவுஸ் வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பின் வந்த கேள்விகளில் சில, நான் மனப்பாடம் செய்த அந்த 400 போலவே இருந்தன. ஆனால் ஒரு வார்த்தை மாறியிருந்தது. 100-லிருந்து 900 வரையான அளவுகோலில் 750 வேண்டும். எனக்கு 684. வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்ய அரை மணி நேரம் ஆனது. அப்புறம் அந்தக் கட்டை ஒரு நல்ல புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விடைகளிலேயே பல தப்பு.

இது பணத்தோடு போகிற விஷயமும் இல்லை அம்மா. தேர்வு தொடங்கும் முன் திரையில் ஒரு ஒப்பந்தம் வரும். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன், திருட்டுக் கேள்விகளை வைத்துப் படிக்கவில்லை என்று அதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இப்படிப்பட்ட கேள்விக் கட்டுகளை டம்ப்ஸ் என்பார்கள். அதைப் பயன்படுத்தியது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்யவும், இனி எழுத விடாமல் தடுக்கவும் அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நேர்மையை நம்பி ஆள் எடுக்கும் துறையில் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பயிற்சி மையமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு நல்ல ஆசிரியர் பெரிய துணை. ஆனால் கட்டும் முன் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். எந்தத் தேர்வுக் குறியீட்டுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? மாணவர்கள் கையால் செய்து பார்க்கக் கணினி உண்டா, எத்தனை மணி நேரம்? ஒரு வகுப்பில் என் மகன் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? கட்டணத்தில் தேர்வு வவுச்சர், அதாவது தேர்வு எழுதுவதற்கான சீட்டு, சேர்த்தியா, அதன் காலாவதித் தேதி என்ன? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் "பாஸ் உறுதி" என்றே திரும்பத் திரும்பச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மகனிடம் முதலில் இலவச வீடியோக்களை ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் அவன் விடாமல் உட்கார்ந்தால், பயிற்சி மையமே தேவைப்படாமல் போகலாம். தேர்வுக் கட்டணத்துக்கும் ஒரு புத்தகத்துக்கும் மட்டும் உங்கள் பணத்தை வைத்திருங்கள். ஒவ்வொரு முறை எழுதவும் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 85 சதவீதத்துக்கு மேல் வாங்கும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 85 என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. இரண்டாவது முறை 11 வாரம் படித்து, அதைத் தொட்ட பிறகுதான் போனேன். 802 வந்தது. வளையலை மூன்று மாதம் கழித்து மீட்டோம்.

வயது 34. பிளஸ் டூ வரை தமிழ்வழி. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளர்க்காக இருக்கிறேன். மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன், நெட்வொர்க் அடிப்படை தெரியும். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் தூக்கம் வருகிறது. தமிழில் இந்தத் தேர்வு உண்டா? எனக்குச் சரிப்படுமா?
- வாசகர், திருவொற்றியூர்

தமிழில் இந்தத் தேர்வு இல்லை அண்ணா. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் புரிந்துகொள்வதை ஆங்கிலத்தில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் வேலையைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தப் பாடத்தில் பாதியை நீங்கள் தினமும் கேட்டில் நின்று செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒரு லாரி வருகிறது. டிரைவரிடம் லைசென்ஸ் கேட்கிறீர்கள், முகத்தையும் படத்தையும் பார்க்கிறீர்கள். இவர் சொல்லும் ஆள் இவர்தானா? அது அதென்டிகேஷன். அடுத்து கேட் பாஸ். இந்த ஆள் எந்தப் பெட்டியை எடுக்கலாம், எந்தப் பகுதி வரை போகலாம்? அது ஆதரைசேஷன். லைசென்ஸ் சரியாக இருப்பதாலேயே எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் எடுத்துப் போக விடுவீர்களா? மாட்டீர்கள். தேர்வில் ஆட்கள் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மூன்றாவது, ரெஜிஸ்டரில் வண்டி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுதுகிறீர்கள். அது அக்கவுண்டிங். மூன்றையும் சேர்த்து புத்தகத்தில் ஏஏஏ என்று போட்டிருப்பார்கள்.

பெட்டிக் கதவில் இருக்கிற சீலைப் பாருங்கள். சீல் எண்ணும் பேப்பரில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால், வழியில் யாரும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சீல் சொல்லாது. வழியில் மாறவில்லை என்ற அந்த உறுதிதான் இன்டெக்ரிட்டி. டிரைவர் பெட்டியை எடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். நாளைக்கு "நான் எடுக்கவே இல்லை" என்று அவர் சொல்ல முடியாது. அது நான்-ரெபுடியேஷன். இந்த வார்த்தையைப் பார்த்து எத்தனை பேர் புத்தகத்தை மூடியிருப்பார்கள்! நீங்கள் ஒரு ஷிஃப்டில் நூறு முறை செய்கிற காரியம் அது.

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதலில் ஆங்கில வார்த்தை. நடுவில் உங்கள் சொந்தத் தமிழில் பொருள். அகராதித் தமிழ் வேண்டாம், உங்கள் வீட்டில் பேசுகிற தமிழே போதும். மூன்றாவதில், உங்கள் வாழ்க்கையில் அதை எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி. ஸ்மிஷிங் என்றால் குறுஞ்செய்தியில் வரும் ஏமாற்று. "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று இபி பெயரில் வந்ததே, அதை அங்கே எழுதுங்கள். அந்தச் செய்தியில் அவசரம் ஒன்று, அதிகாரம் ஒன்று என இரண்டு தூண்டில் இருக்கிறது. அர்ஜென்சி, அதாரிட்டி என்று அவற்றுக்குத் தனிப் பெயரே உண்டு. (உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அதில் பணம் இழந்திருந்தால், உடனே 1930 எண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.)

உங்களுக்கு நான் புத்தகத்தைச் சொல்ல மாட்டேன். வீடியோவில் தொடங்குங்கள், ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டு. காதில் விழுகிற வார்த்தையும் கண்ணில் படுகிற எழுத்தும் சேரும்போது பயம் போகும். தமிழில் விளக்கும் வீடியோக்களும் யூடியூபில் கிடைக்கின்றன. ஒன்று புரியாதபோது மட்டும் அவற்றுக்குப் போங்கள். தேர்வில் வார்த்தைகள் ஆங்கிலத்தில்தான் நிற்கும், அவை கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். பாடத்திட்டத்தின் கடைசியில் சுருக்கெழுத்துகளின் பட்டியல் ஒன்று பல பக்கத்துக்கு நீளும். தினமும் ஐந்து எடுத்து நோட்டில் ஏற்றுங்கள்.

கேள்வி படிக்கும் முறையும் ஒரு பழக்கம்தான். நானே எழுதிய ஒரு மாதிரி: "ஓர் ஊழியரின் கணினியில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாமல் போகின்றன, பணம் கேட்டு ஒரு செய்தி வருகிறது. டெக்னீஷியன் முதலில் செய்ய வேண்டியது எது?" விடைகள்: கணினியை ஃபார்மட் செய்வது, பேக்கப்பிலிருந்து மீட்பது, நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது, ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது. நாலுமே செய்ய வேண்டியவைதான்! கேள்வியின் உயிர் "முதலில்" என்ற சொல்லில் இருக்கிறது. தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் தடுப்பதுதான் முதல் வேலை, ஆகவே துண்டிப்பது. ஃபர்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட் லைக்லி என்ற வார்த்தைகளைப் பார்த்தால் நின்று படியுங்கள். கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே போவது ஆங்கிலம் மெதுவாக வருகிறவர்களுக்குக் கை கொடுக்கும். 90 நிமிடத்தில் 90 கேள்விகள் வரை வரலாம், நேரம் இறுக்கம்தான். பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நிற்கும் அந்த அட்டவணைக் கேள்விகளைக் குறியிட்டுவிட்டு, மற்றதை முடித்தபின் திரும்பி வாருங்கள்.

இரண்டு வருட அனுபவமும், அவர்களுடைய நெட்வொர்க் தேர்வான நெட்வொர்க் பிளஸ் அளவுக்கு அறிவும் இருந்தால் நல்லது என்று காம்ப்டியா பரிந்துரைக்கிறது. அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த நெட்வொர்க் அடிப்படையில் போர்ட் எண்கள், சப்நெட், டிஎன்எஸ் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவசரமே வேண்டாம்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் 150 ரூபாய்க்குப் பார்த்தேன், 601 என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், ராயபுரம்

அல்லிக்குளம் கடைகளில் நானும் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். அதைப் பிரதான புத்தகமாக வாங்காதீர்கள். கிரிப்டோகிராஃபி, நெட்வொர்க் அடிப்படை போன்ற அத்தியாயங்களைக் கூடுதலாகப் படிக்க 150 ரூபாய் தரலாம். பின்பக்கம் இருக்கும் ஆன்லைன் மாதிரித் தேர்வுக்கான குறியீட்டை முன்னால் வைத்திருந்தவர் பயன்படுத்தியிருப்பார், அதை நம்பி விலை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செக்யூரிட்டி பிளஸுக்கு முன்னால் ஐஎஸ்சி2 என்ற அமைப்பின் சிசி தேர்வை எழுதினால் நல்லதா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

கையில் பணம் குறைவாக இருக்கிறது, இந்தத் துறை பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால் நல்லது. சர்டிஃபைடு இன் சைபர்செக்யூரிட்டி என்கிற அந்தத் தேர்வு 2022-ல் வந்தது. அனுபவம் எதுவும் கேட்பதில்லை, பாடமும் சின்னது. பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று அப்போது அறிவித்தார்கள். நீங்கள் பதிவு செய்யும் நாளில் அந்தச் சலுகை நடப்பில் உள்ளதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: தேர்ச்சி பெற்றதும் வருடாந்திரக் கட்டணமாக 50 டாலர் கட்ட வேண்டும். தேர்வு இலவசம் என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் திகைத்தவர்கள் உண்டு. செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். நெட்வொர்க் ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் நேராக செக்யூரிட்டி பிளஸுக்கே போங்கள்.

வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். படிக்கவும் இடமில்லை. தேர்வை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்கிறார்கள், எழுதலாமா?
- வாசகி, எர்ணாவூர்

தங்கச்சி, வேண்டாம். ஆன்லைன் தேர்வில் கேமரா வழியாக அறையை நாலு பக்கமும் காட்டச் சொல்வார்கள். நடுவில் தம்பி உள்ளே வந்தாலோ, பாட்டி பின்னால் நடந்து போனாலோ தேர்வையே நிறுத்திவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கரண்டும் நெட்டும் வேறு கவலை. இந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தேர்வு மையத்தில் போய் எழுதுங்கள். கட்டணம் கட்டிப் பதிவு செய்யும்போது உங்கள் பெயர் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல்தான் வம்பு. ஒரு அட்டையில் எழுத்தாக இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். எந்த அட்டைகள் செல்லும் என்ற பட்டியலைப் பார்த்து, கொண்டுபோகப் போகும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பெயரை நிரப்புங்கள்.

படிக்க இடத்துக்கு: வார இறுதியில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். நான் இரண்டாவது முறை படித்ததில் பெரும்பகுதி அங்கே மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில்தான். பெரம்பூர்ப் பக்கம் உறவினர் வீடு இருந்தால், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் படிப்பதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். வார நாட்களில் வீட்டில் எல்லோரும் எழும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதை மாதிரிக் கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை நூலகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு நாளில் பஸ்ஸை நம்ப வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் வரிசை கட்டி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்றும் மெட்ரோவிலேயே போங்கள், ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள்.